பென்சிலில் ஒரு மண்கலயம்: வரையத் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பொருளின் வாயும் வயிறும் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்திருக்காது. அதற்குள் 6பி பென்சிலை எடுத்து நிழல் போட ஆரம்பித்துவிடுவார்கள். பானை கோணலாக இருந்தால் எவ்வளவு பொறுமையாக ஷேடிங் செய்தாலும் அந்தக் கோணல் மறையாது, இன்னும் பளிச்சென்றுதான் தெரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. எதை முடித்த பிறகு எதைத் தொடவேண்டும், ஏன் என்பதைப் பார்ப்போம்.

பழகுவதற்கு ஒரே ஒரு பொருள் போதும்: வண்ணம் பூசாத சின்ன மண்கலயம். வட்ட வாய், குறுகிய கழுத்து, உருண்ட வயிறு என்று அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அடி தட்டையான கலயமாகப் பார்த்து எடுங்கள். உருண்டை அடியென்றால் பிரிமணை வேண்டும். பிரியின் முறுக்கை வரைவது முதல் படத்துக்கு வேண்டாத வேலை. வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று எவர்சில்வர் சொம்பை எடுக்காதீர்கள். அதில் ஜன்னல், விசிறி, நீங்கள் எல்லாம் தெரிவீர்கள். எது நிழல், எது பிரதிபலிப்பு என்று பிரிக்கவே முடியாது. மண் பளபளக்காது என்பதால் ஒளி எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

1. வாங்கவேண்டியவை

பென்சில் 4 போதும்: எச்பி, 2பி, 4பி, 6பி. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த குச்சி. களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். அது எச் பக்கம். கிராஃபைட் கூடினால் குச்சி மென்மையாகும், கோடு கருக்கும். அது பி பக்கம். எண் ஏற ஏற அந்தக் குணமும் ஏறும். ஒரு கம்பெனியின் 4பி அளவுக்கே இன்னொரு கம்பெனியின் 4பி கருக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் நான்கையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். அப்சரா, கேம்லின், டோம்ஸ் என்று பக்கத்துக் கடையில் எது கிடைத்தாலும் சரி, டிராயிங் பென்சில் என்று கேட்டு வாங்குங்கள்.

பென்சிலைவிடப் பேப்பருக்குச் செலவு செய்யலாம். 130 முதல் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில்) வரையிலான கார்ட்ரிட்ஜ் பேப்பர், ஏ4 அளவு, நல்ல தேர்வு. கிராஃபைட் தூள் பேப்பரின் சொரசொரப்பான குழிகளில்தான் தங்கும். ஜெராக்ஸ் பேப்பர் மெல்லியது, வழவழப்பும் அதிகம். நிழலை இரண்டு மூன்று முறை ஏற்றியதும் அதற்கு மேல் வாங்காது. சார்ட் பேப்பரின் பளபளப்பான பக்கமும் அப்படித்தான். கோடு பழக மட்டும் ஜெராக்ஸ் பேப்பரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ரப்பர் இரண்டு வேண்டும். ஒன்று சாதாரண வெள்ளை ரப்பர். இன்னொன்று நீடபிள் ரப்பர். கையால் பிசைந்து கூராக்கிக்கொள்ளலாம், தூள் உதிராது. அதைத் தேய்க்கக் கூடாது. பேப்பரில் ஒற்றி எடுத்தால் கருமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

இவற்றோடு ஒரு பிளேடு, துண்டு உப்புத்தாள், பரீட்சை அட்டை, கிளிப், இரண்டு தாள் பட்டர் பேப்பர். அவ்வளவுதான். 24 பென்சில் உள்ள பெட்டி, தேய்க்கும் காகிதக் குச்சி, காம்பஸ் எதுவும் இப்போது வேண்டாம். காகிதக் குச்சி கையில் இருந்தால் எல்லாவற்றையும் தேய்த்து மழுப்பத் தோன்றும், கோடு போடும் கை வளராது.

2. இடத்தைத் தயார் செய்தல்

ஒளி ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கலயத்தின் இடது மேல்பக்கம் ஒரு டேபிள் லாம்ப் வையுங்கள். இடதுகைக்காரர்கள் வலது பக்கம் வைக்கலாம்; அப்போதுதான் உங்கள் கையின் நிழல் நீங்கள் வரையும் இடத்தில் விழாது. அறையில் இரண்டு விளக்கு எரிந்தால் கலயத்துக்கு இரண்டு நிழல் விழும், உருண்டை வடிவம் தட்டையாகிவிடும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் சிறந்தது என்று பல கையேடுகளில் இருக்கும். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும்; வடக்கு ஜன்னலிலும் வெயில் நுழையும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் நாள் கொஞ்சம் முன்பின்னாகுமே தவிர கதை இதேதான். வரையத் தொடங்கியபோது இருந்த நிழல் ஒரு மணி நேரத்தில் இடம் மாறியிருக்கும். முதல் சில படங்களுக்கு இரவும் டேபிள் லாம்பும்தான் நம்பகமானவை.

கலயத்தை ஒரு ஸ்டூலில் வைத்து 4, 5 அடி தள்ளி உட்காருங்கள். அதன் வாய் உங்கள் கண் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கட்டும். மிக அருகில் உட்கார்ந்தால் வாயைப் பார்க்க ஒரு முறை, அடியைப் பார்க்க ஒரு முறை என்று தலையை ஆட்டவேண்டி வரும். ஒரே படத்தில் இரண்டு பார்வைகள் கலந்துவிடும். உட்கார்ந்ததும் நாற்காலிக் கால்களையும் கலயம் இருக்கும் இடத்தையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பி வருகிறவர்கள் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி உட்கார்ந்துவிட்டு, படம் ஏன் ஒத்துவரவில்லை என்று தேடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பரீட்சை அட்டையை மடியில் வைத்து, மேல்முனையை மேஜை விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். பேப்பர் மேஜையில் மட்டமாகக் கிடந்தால் அதன் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகிக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட கை தானாகவே உயரத்தை நீட்டிவிடும். எடுத்து நிறுத்திப் பார்த்தால் கலயம் குடுவையாக வளர்ந்திருக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வையும் ஒரு பிரச்சினை. ஈரம் பட்ட பேப்பரில் பென்சில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், கோடு பள்ளமாகப் பதியும். கைக்கடியில் எப்போதும் ஒரு துண்டுப் பேப்பர் இருக்கட்டும்.

3. சீவுவதும் பிடிப்பதும்

பிளேடால் சீவும்போது குச்சி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே தெரியட்டும். பிளேடு பிடித்த கையை அசைக்காமல், பென்சில் பிடித்த கையின் கட்டைவிரலால் பிளேடின் முதுகை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கடைசியில் உப்புத்தாளில் உருட்டிக் கூராக்குங்கள். ஷார்ப்பனரில் குச்சி குட்டையாகத்தான் வரும். நீண்ட குச்சியின் நுனியால் மெல்லிய கோடும், அதையே படுக்கவைத்தால் அகலமான நிழலும் கிடைக்கும்.

எழுதுவதுபோல் நுனிக்கு அருகே பிடித்தால் விரல்கள் மட்டுமே அசையும். கோடு சின்னச் சின்னதாக, மயிர்மயிராக வரும். பென்சிலின் நடுவில், உள்ளங்கை கீழே இருக்கும்படி மேலிருந்து பிடித்து, தோளிலிருந்து கையை அசையுங்கள். முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். நுணுக்கமான இடம் வரும்போது எழுதும் பிடிக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

4. கையைத் தளர்த்துவது

ஜெராக்ஸ் பேப்பரில் பத்து நிமிடம். நேர்கோடு, வளைவு, நீள்வட்டம். பேப்பரைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை அந்தப் பாதையில் கையை ஓட்டிவிட்டு அப்புறம் பென்சிலை இறக்குங்கள். நீள்வட்டத்தை நிறுத்தாமல் இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் படத்துக்குப் போனால் கை இறுக்கத்தோடு போடும் முதல் கோடுகள் உங்கள் நல்ல பேப்பரில் விழும்.

5. அளவு எடுத்தல்

இதில்தான் படத்தின் தலையெழுத்து முடிவாகிறது, அவசரப்படவேண்டாம்.

கையை முழுதாக நீட்டி முழங்கையைப் பூட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சிலின் மேல்நுனியைக் கலயத்தின் வாய் விளிம்போடு சேர்த்து, அடி வரும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். இது உயரம். விரலை நகர்த்தாமல் பென்சிலைக் கிடையாகத் திருப்பி வயிற்றின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலம் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமா, சமமா, முக்கால்வாசியா? நமக்கு வேண்டியது இந்த விகிதம்தான். பென்சிலில் தெரிந்த நீளத்தை அப்படியே பேப்பருக்குக் கொண்டுவரவேண்டியதில்லை. பேப்பரில் உயரம் 15 செ.மீ. என்று நீங்கள் முடிவுசெய்தால் அகலத்தை விகிதம் சொல்லிவிடும்.

அடுத்து வாயின் அகலம் வயிற்றின் அகலத்தில் எத்தனை பங்கு? கழுத்து மேலிருந்து எவ்வளவு தூரத்தில் குறுகுகிறது? வயிறு மிகவும் அகலமாக இருக்கும் இடம் நடுவிலா, நடுவுக்கு மேலா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பானை என்றதும் மனதில் ஒரு வடிவம் வந்து நிற்கும். கை அதைத்தான் வரையும். எதிரில் இருக்கும் கலயத்தின் வயிறு தோள்பக்கம் புடைத்திருக்கலாம், அடிப்பக்கம் தொய்ந்திருக்கலாம்.

இங்கே வரும் தவறுகள் மூன்று. முழங்கை மடங்கினால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். பென்சிலைக் கலயத்தை நோக்கிச் சாய்த்தால் நீளம் குறைந்து தெரியும். கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒட்டினாற்போல் பென்சிலைப் பிடியுங்கள். மூன்றாவது, ஒருமுறை வலது கண், ஒருமுறை இடது கண் என்று மாற்றுவது.

அளவு கிடைத்ததும் எச்பியால், தொட்டும் தொடாமலும் ஒரு செவ்வகம் போடுங்கள். கலயம் அதற்குள் அடங்கவேண்டும். பேப்பரின் சரிநடுவில் போடாதீர்கள். விளக்கு இடதுபக்கம் என்றால் நிழல் வலதுபக்கம் விழும். அதற்கும் இடம் விட்டு, கலயத்தைச் சற்று இடதுபக்கம் வையுங்கள். மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வரைவதும் புதியவர்களின் வழக்கம். அந்த அளவில் நிழலுக்கு இடமே இருக்காது.

6. மையக்கோடும் நீள்வட்டங்களும்

செவ்வகத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு மையக்கோடு. அதில் வாய், கழுத்து, வயிறு, அடி நான்குக்கும் குறி. ஒவ்வொரு குறியிலும் மையக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கிடைக்கோடு. அதில் இடமும் வலமும் சம தூரம். இந்தச் சட்டகம் இல்லாமல் வெளிவிளிம்பை மட்டும் வரைந்துகொண்டு போனால் ஒரு பக்கம் வயிறு பெருத்தும் மறுபக்கம் ஒட்டியும் வரும்.

இனி நீள்வட்டங்கள். ஒரு டம்ளரைக் கையில் எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து மெதுவாகக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். கீழே இருக்கும்போது வாய் நன்றாகத் திறந்து தெரியும். உயர உயரக் குறுகி, கண் மட்டத்தில் ஒரு கோடாகிவிடும். அதாவது கண் மட்டத்திலிருந்து தள்ளிப் போகப் போக நீள்வட்டம் வட்டத்தை நெருங்கும். நம் கலயம் கண்ணுக்குக் கீழே இருக்கிறது; ஆகவே வாயின் நீள்வட்டம் ஒடுங்கியும் அடியின் நீள்வட்டம் அதைவிட வட்டமாகவும் இருக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறாகத்தான் பெரும்பாலோர் வரைகிறார்கள். கலயத்தின் அடி தட்டை, ஸ்டூலும் தட்டை என்று நமக்குத் தெரியும். அதனால் அடியில் ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு நேர்கோடு விழுந்துவிடும். மேலே திறந்த வாய், கீழே நேர்கோடு என்றால் கலயம் அந்தரத்தில் தொங்கும். அடிக்கோடு வாயின் முன்விளிம்பைவிட அதிகமாக வளையவேண்டும். மாடல் டிராயிங் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்த ஒன்றைக் கையில் ஏற்றிக்கொண்டால் பாதி கவலை தீரும்.

நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் கூராக முடியக் கூடாது. எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும் ஓரத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும். முன்பாதியோடு நிறுத்தாமல் கண்ணுக்குத் தெரியாத பின்பாதியையும் சேர்த்து முழுதாகச் சுற்றுங்கள். பாதி வளைவாகப் போட்டால்தான் ஓரம் கூராகிறது. வேண்டாததைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

வாயின் விளிம்புக்குத் தடிமன் உண்டு. உள்ளே இன்னொரு நீள்வட்டம் போடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வெளி எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்காது: இடது வலது ஓரங்களில் அகலமாகவும், முன்னும் பின்னும் குறுகியும் தெரியும். இதைக் கவனித்துப் போட்ட உடனே களிமண்ணின் கனம் படத்துக்குள் வந்துவிடும்.

சரிபார்க்க, பட்டர் பேப்பரை வைத்து ஒரு பக்க விளிம்பையும் மையக்கோட்டையும் நகலெடுத்து, அதைப் புரட்டி மறுபக்கத்தின் மேல் வையுங்கள். கையால் வனைந்த கலயம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை வரையலாம், தவறில்லை. ஆனால் அது கலயத்தின் சாய்வா உங்கள் கையின் சாய்வா என்பது தெரிந்திருக்கவேண்டும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும்.

7. கோட்டை முடிவுசெய்தல்

இப்போது கலயத்தைப் பார்க்காமல் அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு முக்கோணம்போல வெற்றிடம் இருக்கும். இரண்டு பக்கத்திலும் அந்த முக்கோணம் படத்தில் சரியாக வந்திருக்கிறதா?

சரியென்றால் வெளிவிளிம்பை ஒரே சீராக வரைந்து, சட்டகக் கோடுகளை அழியுங்கள். பிறகு நீடபிள் ரப்பரால் வெளிக்கோட்டையும் ஒற்றி வெளிறச் செய்யுங்கள். உருண்டையான பொருளுக்கு நிஜத்தில் வெளிக்கோடு கிடையாது. ஒரு டோன், அதாவது கருமையின் ஒரு அளவு, முடிந்து இன்னொன்று தொடங்குகிறது, அவ்வளவுதான். கருப்பாக வெளிக்கோடு போட்டுவிட்டால் வெளிச்சப் பக்கத்தில் அதை எந்த ஷேடிங்காலும் மறைக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் எழுந்து ஆறடி தள்ளி நின்று படத்தைப் பாருங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

8. நிழல் கொடுத்தல்

முதலில் துண்டுப் பேப்பரில் ஐந்து கட்டம் போட்டு, பேப்பரின் வெள்ளையிலிருந்து 6பி-யின் கருப்பு வரை ஐந்து டோன் நிரப்புங்கள். இதைக் கலயத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கும்போது நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நிழல் என்ற இரண்டு பெரிய பகுதிகள் மட்டும் நிற்கும். வெளிச்சப் பக்கத்தைப் பேப்பரின் வெள்ளையாகவே விட்டுவிடுவது பரவலான தவறு. செம்மண் நிறம் வெளிச்சத்திலும் வெள்ளை ஆகாது. அது இரண்டாவது கட்டத்தில்தான் பொருந்தும்.

வெளிச்சமும் நிழலும் பிரியும் எல்லையை எச்பியால் லேசாகக் குறியுங்கள். ஸ்டூலில் விழும் நிழலின் எல்லையையும் குறியுங்கள். பிறகு 2பி-யைப் படுக்கவைத்து நிழல் பகுதி முழுவதும், விழும் நிழலும் சேர்த்து, ஒரே டோனில் நிரப்புங்கள். ஒரு மூலையை மட்டும் முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஒப்பிட ஒன்றும் இருக்காது, முதல் மூலை தேவைக்கு மேல் கருத்துவிடும். எல்லாம் ஒன்றாக ஏறவேண்டும்.

அடுத்து எச்பியால் வெளிச்சப் பக்கத்துக்கு மெல்லிய டோன். பிறகு 2பி-யால் இரண்டுக்கும் இடையில் மாறும் பகுதி. கோடுகள் வயிற்றின் வளைவைத் தொட்டுப் பின்தொடரட்டும். இரண்டாவது அடுக்கைச் சற்றே சாய்வு மாற்றிப் போடுங்கள். செங்குத்தாகக் குறுக்கே போட்டால் சல்லடைபோலத் தெரியும்.

4பி-யால் இரண்டு இடங்களை ஆழப்படுத்துங்கள். ஒன்று, வெளிச்சம் முடிந்ததும் வரும் நிழற்பட்டை. கலயத்தின் உடலில் மிகக் கருப்பான பகுதி பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் ஸ்டூலிலிருந்து திரும்பும் ஒளியால் கொஞ்சம் வெளிறித் தெரியும். அந்த வெளிறலில் மயங்கி அதை மிகவும் வெளுப்பாக விட்டுவிடாதீர்கள். நிழலுக்குள் இருக்கும் எந்த ஒளியும் வெளிச்சப் பக்கத்தைவிடக் கருப்பாகவே இருக்கவேண்டும். இரண்டாவது, விழும் நிழல். கலயத்தை ஒட்டிய இடத்தில் அதன் ஓரம் கூராகவும், தள்ளிப் போகப் போக மங்கியும் இருக்கும்.

கலயத்தின் வாய்க்குள் எல்லோரும் முழுக் கருப்பை அடைத்துவிடுவார்கள். உற்றுப் பாருங்கள். விளக்கு இடது மேலே இருக்கும்போது வெளியே இடதுபக்கம் வெளிச்சம். உள்ளே இடதுசுவர் இருட்டு, எதிரே வலதுசுவரில்தான் ஒளி விழுகிறது. வெளியே இருப்பதற்கு நேர் எதிர். இதைச் சரியாகப் போட்டால் கலயத்துக்குள் கைவிடலாம் என்று தோன்றும்.

6பி கடைசியில், இரண்டே இடத்தில்: வாய்க்குள் ஆழமான இருட்டிலும், அடி ஸ்டூலைத் தொடும் கோட்டிலும். முன்பே எடுத்தால் அதற்குமேல் போக கருப்பே மிச்சம் இருக்காது.

வலதுகைக்காரர்கள் இடமிருந்து வலமாக நகருங்கள், கை பட்டு அழியாது. விரலால் தேய்க்காதீர்கள், தோலின் எண்ணெய் பேப்பரில் ஏறினால் அந்த இடம் அழுக்காகத் தேங்கும், ரப்பரும் எடுக்காது. அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் பேப்பரின் குழிகள் நசுங்கி கிராஃபைட் பளபளக்கும். அதன்மேல் எந்த பி பென்சிலும் பிடிக்காது. கருமை போதவில்லையென்றால் இன்னும் மென்மையான பென்சிலுக்குப் போய் இன்னொரு அடுக்கு கொடுங்கள்.

9. முடித்துப் பாதுகாத்தல்

வெளிச்சம் நேராக விழும் இடத்தில் நீடபிள் ரப்பரைக் கூராக்கி ஒரே ஒரு முறை ஒற்றுங்கள். மண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி தேவையில்லை, லேசான வெளிறல் போதும். நிழல் பக்க ஓரத்தில் ஓரிரு இடங்களில் கோடு கரைந்து பின்னணியோடு கலக்கட்டும்.

ஃபிக்ஸேட்டிவ் (பென்சில் தூள் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிப்பதென்றால் மாடியிலோ வாசலிலோ, ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெல்லியதாக இரண்டு முறை. அதற்குப்பின் அழித்துத் திருத்துவது கடினம் என்பதால் திருத்தமெல்லாம் முடிந்த பிறகே அடியுங்கள். ஹேர் ஸ்ப்ரே வேண்டாம், நாளடைவில் பேப்பர் பழுக்கும். அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மேலே பட்டர் பேப்பர் வைத்து மூடி மட்டமாக வையுங்கள். பின்பக்கம் தேதியும் விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதும் எழுதிவையுங்கள்.

அடுத்த படத்துக்கும் இதே கலயம்தான். விளக்கை மறுபக்கம் மாற்றி வரையுங்கள். அப்புறம் கலயத்தைப் படுக்கவைத்து, மையக்கோடு சாயும்போது நீள்வட்டங்களும் அதோடு சேர்ந்து சாய்வதைப் பாருங்கள். அது கைவந்த பிறகு கைப்பிடி உள்ள பீங்கான் கப்புக்குப் போகலாம்.